வார இதழுக்குப் படியளப்பது யார்?

1925 அக்டோபரில், கெய்ரோ நகரத்து நாடக நடிகை ஒருவர் மேடையை விட்டுவிட்டுப் பத்திரிகை தொடங்கினார். அவர் பெயர் ஃபாத்திமா அல் யூசுஃப். ரோஸ் அல் யூசுஃப் என்ற மேடைப் பெயரைச் சொன்னால்தான் எகிப்தியர்களுக்கு அவரைத் தெரியும் என்பதால் பத்திரிகைக்கும் அதையே வைத்தார். நான்கு மாதம் கழித்து, 1926 பிப்ரவரியில், சென்னையில் பூதூர் வைத்தியநாதையர் 'ஆனந்த விகடன்' என்ற மாத இதழைக் கொண்டுவந்தார். இவரை அவருக்கோ அவரை இவருக்கோ தெரிந்திருக்க நியாயமில்லை. அரபுலகில் நெடுநாள் ஓடிய அரசியல் வார இதழ்களைப் பட்டியலிட்டால் 'ரோஸ் அல் யூசுஃப்' முன்வரிசையில் நிற்கும். தமிழில் அந்த இடம் விகடனுக்கு. இரண்டு பெயர்களும் நூறாண்டைக் கடந்துவிட்டன.

பத்திரிகையின் ஆயுளைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆசிரியரின் துணிச்சல், எழுத்தாளரின் நடை, ஓவியரின் கைவண்ணம் என்றுதான் பேசுவார்கள். கல்லாப்பெட்டியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காகிதத்துக்கும் மைக்கும் கூலிக்கும் வாராவாரம் யாரோ ஒருவர் காசு கொடுத்தாக வேண்டும். அந்த யாரோ மாறும்போதெல்லாம் இதழின் குணமும் மாறியிருக்கிறது. கெய்ரோவிலும் சென்னையிலும் நடந்தது அதுதான். இதைப் பார்க்க நீலகிரி நல்ல இடம். பத்திரிகைக்குப் படியளக்கும் ஆட்கள் அத்தனை பேரின் தடமும் இந்த ஒரு மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது.

மலையில் அச்சுக்கூடம் வந்தது வெள்ளைக்காரர்களுக்காக. 19ஆம் நூற்றாண்டில் ஊட்டியிலிருந்து 'சவுத் ஆஃப் இந்தியா அப்சர்வர்' என்ற ஆங்கிலப் பத்திரிகை வெளிவந்தது. ஜெனரல் ரிச்சர்ட் ஹாமில்டன் 'ஹாக்ஐ' என்ற புனைபெயரில் அதில் வேட்டைக் கடிதங்கள் எழுதினார். 1876-இல் அதே அச்சுக்கூடம் அவற்றை நூலாகவும் போட்டது. புலி, காட்டெருமை, வரையாடு என்று சுட்டுத் தள்ளிய கணக்கை இன்று படிக்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் அந்தக் காலத்து ஊட்டிக்கு அதுவே ஊர்ச்செய்தி. கோடைக்கு மலையேறி வரும் அதிகாரிகள், ஓய்வுபெற்ற ராணுவத்தார், காப்பி-தேயிலைத் தோட்டத் துரைமார் ஆகிய சிறு கூட்டம்தான் அதன் வாசகர்கள். அந்தக் கூட்டம் கலைந்ததும் அப்படிப்பட்ட பத்திரிகைக்கும் வேலையில்லாமல் போயிற்று.

அதே துரைமாரின் இன்னொரு பத்திரிகை பிழைத்துக்கொண்டது. 1893-இல் தொடங்கிய தென்னிந்தியத் தோட்ட முதலாளிகளின் ஐக்கிய சங்கத்தை, தோட்ட வட்டாரத்தில் எல்லோரும் 'உபாசி' என்பார்கள். அதன் தலைமையகம் குன்னூரில் கிளென்வியூ வளாகத்தில் இருக்கிறது. சங்கத்தின் இதழ் 'பிளான்டர்ஸ் கிரானிக்கிள்'. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார இதழாக இருந்து, பிறகு காலத்துக்கேற்ப இடைவெளியை மாற்றிக்கொண்டது. உரம், பூச்சி, கவாத்து, ஏல விலை, கூலியாள் பிரச்சினை என்று அதில் இருப்பதெல்லாம் தொழில் சமாசாரம். கடையில் விற்க வேண்டிய கட்டாயமும் அதற்குக் கிடையாது. சங்கம் இருக்கும்வரை இதழ் இருக்கும். சங்கத்துக்குப் பிடிக்காதது அதில் இருக்காது. தோட்டத் தொழிலாளியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது, தொழிலாளி எழுதியதாக ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால் அதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. படியளந்தவர் முதலாளி.

தமிழ் வார இதழின் கதை வேறு மாதிரி தொடங்குகிறது.

வைத்தியநாதையரின் விகடன் இரண்டு வருடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1927 கடைசியில் நின்றுபோனது. அப்போது சென்னையில் விளம்பர ஏஜென்டாக இருந்த எஸ்.எஸ்.வாசன் அந்த இதழுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்து வந்தார். திருத்துறைப்பூண்டியில் பிறந்து, தகப்பனை இழந்து, தாயோடு சென்னைக்கு வந்து, படிப்பைப் பாதியில் விட்டு, தபால் வழியாகப் பொருள்களை விற்றுப் பழகியவர். இதழ் ஏன் வரவில்லை என்று விசாரிக்கப் போனவர், பெயரையே விலைக்கு வாங்கிக்கொண்டு திரும்பினார். எழுத்துக்கு 25 ரூபாய் வீதம் எட்டு எழுத்துக்கு 200 ரூபாய் என்று இந்த வியாபாரத்தைப் பத்திரிகை உலகம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. 1928 பிப்ரவரியில் வாசனின் விகடன் வெளிவந்தது.

எழுத்தாளரிடமிருந்து விளம்பரக்காரரிடம் ஒரு பத்திரிகை கைமாறியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வாசனுக்கு வாசகர் என்பவர் முதலில் வாடிக்கையாளர். எதைக் கொடுத்தால் அடுத்த வாரமும் காசு எடுப்பார் என்ற கேள்விக்கு அவர் பல பதில்களைச் சோதித்துப் பார்த்தார். மாதத்துக்கு ஒன்றாக இருந்ததை இரண்டாக்கினார், பிறகு மூன்றாக்கினார், 1930-களின் தொடக்கத்தில் வார இதழாகவே மாற்றினார். பரிசு வைத்துக் குறுக்கெழுத்துப் போட்டி நடத்தினார். போட்டிக்காகவே இதழ் வாங்கியவர்கள் உண்டு. சூதாட்டம் என்று திட்டியவர்களும் உண்டு. மாலி வரைந்த கொம்பு முளைத்த விகடன் தாத்தா முத்திரையானார். வாசன் தானே எழுதிய 'சதி லீலாவதி' தொடர்கதை 1936-இல் படமாக வந்தது. எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய அந்தப் படத்தில்தான் எம்.ஜி.ஆர். முதன்முதலாகத் திரையில் தலைகாட்டினார்.

தொடர்கதைதான் பெரிய கண்டுபிடிப்பு. ரா.கிருஷ்ணமூர்த்தி என்ற கல்கி விகடனுக்குள் வந்த பிறகு, வாசகர் இதழுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். 'கள்வனின் காதலி' 1937-இல் வந்தது. அடுத்து 'தியாகபூமி' தொடராக ஓடியபோது, கே.சுப்ரமணியம் எடுத்துக்கொண்டிருந்த அதே கதையின் படக்காட்சிகளே ஓவியத்துக்குப் பதில் அச்சாயின. 1939-இல் படம் வெளிவந்தது. பிரிட்டிஷ் அரசு அதற்குத் தடை போட்டது. கதை, படம், பத்திரிகை மூன்றும் ஒன்றையொன்று விற்றுக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை இன்றைய ஊடக நிறுவனங்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோலப் பேசுகின்றன. சென்னையில் அது எப்போதோ நடந்து முடிந்த சங்கதி. வாசன் 1940-களின் தொடக்கத்தில் ஜெமினி ஸ்டூடியோவைத் தொடங்கினார். 1948-இல் 'சந்திரலேகா' வந்தது. அதற்குப் பிறகு விகடனுக்குப் பின்னால் சினிமாக் காசு என்ற தெம்பும் சேர்ந்துகொண்டது.

கெய்ரோவில் என்ன நடந்துகொண்டிருந்தது? ஃபாத்திமாவின் இதழ் நாடகம், கலை என்றுதான் தொடங்கியது. விற்பனை சுமார். முகம்மது அல் தாபிஈ ஆசிரியரான பிறகு அரசியல் புகுந்தது. அமைச்சர்களின் அந்தரங்கம், அரண்மனை வம்பு, கேலிச்சித்திரம் எல்லாம் வந்தன. அர்மீனிய ஓவியர் சாருகான் 1932-இல் 'எகிப்திய எஃபெந்தி' என்ற குட்டையான, தொப்பி வைத்த நடுத்தர வர்க்கத்து ஆளை உருவாக்கினார். மாலியின் தாத்தாவைப் போலவே அவரும் இதழின் முகமானார். அரசாங்கம் பிரதிகளைப் பறிமுதல் செய்தது. ஒவ்வொரு பறிமுதலும் பண நஷ்டம். ஆனால் அடுத்த இதழுக்கு அதைவிடப் பெரிய விளம்பரமும் இல்லை.

இரண்டு ஊர்களிலும் நட்சத்திர ஆசிரியர் வெளியேறினார் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. தாபிஈ 1934-இல் பிரிந்துபோய் 'ஆகிர் சாஆ' என்ற போட்டி வார இதழைத் தொடங்கினார்; சாருகானும் அவரோடு போனார். கல்கி, தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை போவது என்று முடிவெடுத்து விகடனை விட்டு விலகினார். 1941 ஆகஸ்ட் 1-ஆம் தேதி சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' இதழைக் கொண்டுவந்தார். முதலுக்கு வழி செய்தவர் சதாசிவத்தின் மனைவியான பாடகி எம்.எஸ்.சுப்புலட்சுமி. 'சாவித்திரி' படத்தில் நாரதர் வேடம் கட்டிச் சம்பாதித்த பணம் பத்திரிகைக்குப் போயிற்று. இங்கேயும் சினிமாக் காசுதான். பத்திரிகை யாருடையது, உரிமையாளருடையதா, எழுதுபவருடையதா என்ற சண்டையில் எழுதுபவர் ஜெயிக்க ஒரே வழி, தனக்கென்று ஒரு கல்லாப்பெட்டி தேடிக்கொள்வது. கல்கிக்கும் தாபிஈக்கும் அது கிடைத்தது. கிடைக்காமல் மனம் புழுங்கியவர்களின் பட்டியல் மிக நீளம்.

ஆசிரியர் போனால் விகடன் படுத்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். தேவன் ஆசிரியரானார், 'துப்பறியும் சாம்பு' வந்தது. கோபுலு வரைந்தார். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' வந்தது. 1966-இல் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' வெளியாகி வீடுகளில் சண்டை மூண்டது. ஒரு சிறுகதையைப் படித்துவிட்டுத் தாயும் மகளும் வாக்குவாதம் செய்த காலம் அது.

இந்த இதழ்கள் மலைக்கு எப்படி வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும் அங்கிருந்து ஊட்டிக்கு 1908-இலும் ரயில் வந்துவிட்டது. சென்னையிலிருந்து இரவு ரயிலில் மேட்டுப்பாளையம் வந்து இறங்கும் பத்திரிகைக் கட்டு, கல்லாறு, பர்லியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் மலையேறும். வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் ரோட்டில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். அதுவும் அடைபட்டால் அந்த வாரம் கதாநாயகி கிணற்றில் குதித்தாளா இல்லையா என்று தெரியாமலே மலை தூங்க வேண்டியதுதான்.

பத்திரிகை வியாபாரத்தில் மலை ஊர் ஏஜென்டுக்கு ஒரு தனித் தலைவலி உண்டு. டெபாசிட் கட்டி, கட்டுக்கு ஆர்டர் சொல்லி, விற்காததை 'ரிட்டர்ன்' அனுப்பிக் கழித்துக்கொள்வதுதான் வழக்கம். கட்டு தாமதமாக வந்தால் விற்பனை நாள் குறையும், ரிட்டர்ன் கூடும். ரிட்டர்ன் கூடினால் சென்னை அலுவலகம் அடுத்த முறை கட்டை மெலிய வைக்கும். இத்தனைக்கும் நடுவே பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிற்றில் கிளிப் போட்டு இதழ்கள் தொங்கின; வாசலில் அந்த வாரத்து வால்போஸ்டர் ஆடியது. சம்பளம் வாங்கிய கையோடு இறங்கி வந்து வாங்கிப் போனவர்கள் இருந்தார்கள். ஒரு பிரதி பத்து வீடுகளுக்குப் போகும். சந்தாக் கணக்கில் சேராத இந்த இரவல் வாசகர்தான் தமிழ் வார இதழின் பெரும்பான்மை வாசகர். விளம்பரக்காரருக்குக் கணக்குச் சொல்லும்போது மட்டும் அலுவலகங்கள் அவரை நினைத்துக்கொள்ளும்.

படித்த பிறகு தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, வரிசைப்படி அடுக்கி, பைண்டிங் கடையில் கொடுத்து காலிகோ அட்டை போட்டுக்கொள்வது தமிழ்நாடு முழுக்க இருந்த பழக்கம். ஒரு நாவல் முழுதாகக் கையில் நிற்கும். இரண்டு பக்கக் கதைக்கு நடுவே மாட்டிக்கொண்ட நகைச்சுவைத் துணுக்கும் தைலம், சோப்பு விளம்பரமும் கூடவே வரும். மீதி இதழ் எடைக்குப் போகும்.

நீலகிரிக்கு வந்த வாசகர்களில் ஒரு பகுதியினரின் கதை தனி. 1964 அக்டோபரில் சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. அவர்களைக் குடியமர்த்தத் தமிழ்நாடு அரசு 1968-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் பின்னால் 'டான்டீ' ஆயின. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று மலை முழுக்க அவர்கள் குடியேறினார்கள். இவர்கள் விட்டுவந்த இலங்கையில் தமிழகத்து வார இதழ்கள் ஒருகாலத்தில் சக்கைப்போடு போட்டன. 1970-களின் தொடக்கத்தில் அந்த நாட்டு அரசு இறக்குமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. இதழ்களின் வரத்து அடைபட்டது. அதனால் ஈழத்து எழுத்துக்கும் வீரகேசரி போன்ற பதிப்பகங்களுக்கும் ஒரு மறுமலர்ச்சி கிடைத்தது. சென்னை முதலாளிக்கு நஷ்டம், யாழ்ப்பாணத்து எழுத்தாளருக்கு லாபம். யார் காசில் எந்த இதழ் ஓடுகிறது என்பதை ஓர் அரசாணையே தீர்மானிக்க முடியும் என்பதற்கு நமக்கு மிகப் பக்கத்து உதாரணம் இது.

கெய்ரோவில் அரசாணை அதைவிடப் பெரிதாக வந்தது.

ஃபாத்திமாவின் மகன் இஹ்சான் அப்துல் குத்தூஸ் 1945-இல் பிரிட்டிஷ் தூதரைத் தாக்கி எழுதிச் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும் தாய் அவரை ஆசிரியராக்கினார். சிறைக்குப் போய் வந்தவனுக்குத்தான் அந்த நாற்காலி என்று அவர் நினைத்திருக்க வேண்டும். 1950-இல், 1948 பாலஸ்தீனப் போரில் எகிப்து ராணுவத்துக்குப் பழுதான ஆயுதங்கள் வாங்கிக் கொடுக்கப்பட்டதாக இஹ்சான் தொடர்ந்து எழுதினார். விரல் அரண்மனைப் பக்கம் நீண்டது. மன்னர் ஃபரூக்கின் மதிப்பைச் சரித்ததில் அந்தக் கட்டுரைகளுக்குப் பங்குண்டு. 1952 ஜூலையில் ராணுவ அதிகாரிகள் ஆட்சியைப் பிடித்தார்கள். இதழ் மகிழ்ந்தது. அந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் குறைவு. ஆட்சி நடத்துவது ஒரு ரகசியக் கூட்டம் என்ற பொருளில் இஹ்சான் எழுதப்போக, 1954-இல் புரட்சி அரசே அவரை உள்ளே போட்டது. அதற்குப் பிறகு அவர் நாவல்களில் அதிக நேரம் செலவிட்டார். அவை படங்களாகிப் புகழ் கொடுத்தன.

ஃபாத்திமா 1958-இல் காலமானார். 1960 மே மாதம் நாசர் அரசு பத்திரிகைகளைத் தேசியமயமாக்கியது. 'ரோஸ் அல் யூசுஃப்' மட்டும் என்றில்லை. ஜுர்ஜி ஸைதான் 1892-இல் தொடங்கிய தாருல் ஹிலால் நிறுவனமும், அது 1924 முதல் நடத்திய 'அல் முஸவ்வர்' என்ற பட வார இதழும் ஆட்சியாளரின் அரசியல் அமைப்பின் கைக்குப் போயின. ஆசிரியரை இனி அரசு நியமிக்கும், நஷ்டத்தை அரசு தாங்கும். ஒரு நடிகை பந்தயம் கட்டித் தொடங்கிய இதழுக்குச் சாவு இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் பறிமுதல் செய்ய அதில் எதுவும் மிச்சமில்லாமல் போயிற்று. இடையிடையே திறமையான ஆசிரியர்கள் வந்தார்கள், நல்ல கேலிச்சித்திரக்காரர்கள் அங்கே வளர்ந்தார்கள். அதை மறுக்க முடியாது. இருந்தாலும் அமைச்சரவையை ஆட்டிப்பார்த்த பழைய இதழ் அது இல்லை.

அரசு படியளந்தால் சாவில்லை என்ற கணக்கும் எல்லா இடத்திலும் பொருந்தாது. ஊட்டிக்காரர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1960-இல் உருவாகி, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. தொழிற்சாலை இருந்த பகுதிக்கே இந்து நகர் என்று பெயர். ஃபிலிமின் பெயரும் 'இந்து'. கறுப்பு வெள்ளைப் படச்சுருள், எக்ஸ்ரே ஃபிலிம், போட்டோ காகிதம் ஆகியவற்றோடு அச்சுத் துறைக்கான ஃபிலிமும் அங்கே தயாராயிற்று. ஈய எழுத்துக் கோத்து, பிளாக் செய்து அச்சடித்த பத்திரிகைகள் ஆஃப்செட்டுக்கு மாறிய காலத்தில் ஒவ்வொரு பக்கமும் முதலில் ஃபிலிமாகத்தான் பிறந்தது. சென்னையில் இதழ் பார்க்கப் பளபளவென்று மாறியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ரசாயனத் தொழில் இருந்தது என்பதை வாசகர் யோசித்திருக்க மாட்டார். பிறகு கலர் வந்தது, டிஜிட்டல் வந்தது, கணினியிலிருந்து நேராகத் தகட்டுக்குப் பக்கம் போகத் தொடங்கியது. நிறுவனம் 1990-களிலேயே நலிந்துவிட்டது. 2014-இல் ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கதையை முடித்தார்கள். அரசு முதலாளியாக இருந்தும் காப்பாற்றவில்லை. பத்திரிகையால் ஆட்சியாளருக்கு ஆக வேண்டிய காரியம் இருக்கிறது. ஃபிலிம் சுருளால் அப்படி எதுவும் இல்லை.

சென்னைக்குத் திரும்புவோம். வாசன் 1969-இல் மறைந்தார். அதற்கு முன்பே மகன் எஸ்.பாலசுப்ரமணியன் பொறுப்புக்கு வந்திருந்தார். 1947-இல் எஸ்.ஏ.பி. தொடங்கிய 'குமுதம்' விற்பனையில் எல்லோரையும் ஓரங்கட்டியிருந்தது. 'ராணி' வந்தது, 'துக்ளக்' வந்தது, 'குங்குமம்' வந்தது. தொடர்கதையை மட்டும் நம்பி இனி ஓட முடியாது என்பது தெரிந்தது. 1983-இல் 'ஜூனியர் விகடன்' தொடங்கப்பட்டது. மலையில் மரம் வெட்டுகிறார்கள், ஆற்றில் சாயம் கலக்கிறார்கள், காவல் நிலையத்தில் ஒருவர் செத்துப்போனார் என்று சிற்றூர்ச் செய்தி அட்டைக்கு வந்தது. கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, அவரவர் ஊரிலிருந்தே எழுத வைத்த மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பலன் தந்தது. நிருபரை சென்னையிலிருந்து அனுப்பினால் செலவு. ஊரிலேயே இருக்கும் பையனுக்குப் பாதையும் தெரியும், பேச்சும் தெரியும். சிக்கனமும் இதழியலும் ஒன்றாகக் கைகோத்த அருமையான ஏற்பாடு. எழுதுபவர் ஊர்க்காரராக இருந்தால் அந்த ஊரில் கட்டும் தடிக்கும்.

1987 மார்ச் 29 தேதியிட்ட விகடன் அட்டையில் ஒரு ஜோக் வந்தது. மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று அடையாளம் சொல்லும் ஜோக். பிக்பாக்கெட் போல இருப்பவர் ஒருவர், முகமூடிக் கொள்ளைக்காரர் போல இருப்பவர் மற்றவர் என்று போகும். டீக்கடையில் தினமும் அடிபடும் தரத்து நகைச்சுவைதான். சட்டமன்றம் அதை உரிமை மீறலாக எடுத்துக்கொண்டது. சபாநாயகர் பி.எச்.பாண்டியன். மன்னிப்புக் கேட்க பாலசுப்ரமணியன் மறுத்தார். ஏப்ரல் 4-ஆம் தேதி மூன்று மாதக் கடுங்காவல் என்று தீர்மானித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். நாடெங்கும் பத்திரிகையாளர்கள் கொதித்தெழ, சில நாள்களிலேயே விடுதலை செய்ய வேண்டி வந்தது. அவர் அதோடு விடவில்லை. வழக்குப் போட்டார். 1994-இல் சென்னை உயர் நீதிமன்றம் கைது சட்டவிரோதம் என்று சொல்லி 1,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்தப் பணத்தை அவர் செலவழிக்கவில்லை, சட்டம் போட்டு மாட்டிவைத்தார்.

கெய்ரோவில் இஹ்சானுக்கும் சென்னையில் பாலசுப்ரமணியனுக்கும் வீரத்தில் ஏற்றத்தாழ்வு சொல்வதற்கில்லை. இருவரும் சிறை பார்த்தவர்கள். ஒருவரின் இதழ் ஆறு வருடத்தில் அரசுடைமை ஆனது. இன்னொருவரின் இதழ் ஏழு வருடம் கழித்து அரசிடமே இழப்பீடு வாங்கியது. நடுவில் நின்றவை நீதிமன்றமும், அடுத்த வாரமும் இதழை வாங்கிய வாசகருமே.

அந்த வாசகர் இப்போது காசு கொடுப்பதைக் குறைத்துவிட்டார் என்பதுதான் இன்றைய நிலை. 2020-இல் கொரோனா முடக்கத்தோடு 'கல்கி' அச்சு இதழ் நின்று இணையத்துக்குப் போனது. 'பொன்னியின் செல்வன்' வெளிவந்த இதழ் அது. விகடனும் பாதி உயிரை இணையத்துக்கு மாற்றிக்கொண்டது. அங்கே ஆபத்து வேறு வடிவில் வந்தது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் கைவிலங்கோடு திருப்பி அனுப்பப்பட்டபோது, பிரதமர் மோடி விலங்கோடு டிரம்பின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதாக ஒரு கேலிச்சித்திரம் 2025 பிப்ரவரியில் 'விகடன் பிளஸ்' இணைய இதழில் வந்தது. பா.ஜ.க. தரப்பிலிருந்து புகார் போனது. பிப்ரவரி 15-ஆம் தேதி முழு இணையதளமும் திறக்கவில்லை. ஒரு படத்துக்காகக் கடையையே பூட்டிவிட்டார்கள். மார்ச் 6-ஆம் தேதி, அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கும் நிபந்தனையோடு, முடக்கத்தை விலக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். கட்டு மலையேறிய காலத்தில், பறிமுதல் செய்ய நினைத்தால் ஒவ்வொரு ஏஜென்டையும் தேடிப் போக வேண்டும். குன்னூர்க் கடைக்கு ஆள் வருவதற்குள் பாதிப் பிரதிகள் வீட்டுக்குள் போய்விடும். இன்று மலையும் சமவெளியும் ஒரே நொடியில் இருண்டுபோகின்றன.

நீலகிரிக்கென்று இப்போது பேசும் குரல்கள் வேறு வழியில் பிழைக்கின்றன. கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பு, மலைவாழ் மக்களின் செய்திகளுக்காக 'நீலகிரி சீமை சுத்தி' என்ற மடலை நடத்தியது. 'ரேடியோ கோத்தகிரி' சமுதாய வானொலியும் அதன் முயற்சி. துரைமார் சந்தாவும் கிடையாது, சினிமாக் காசும் கிடையாது. தொண்டு நிறுவன நிதி படியளக்கிறது. நிதி இருக்கும்வரை ஆலுக்குறும்பரின் தேன் எடுப்பும் இருளரின் நிலப் பிரச்சினையும் அச்சிலும் அலையிலும் வரும். உபாசி இதழின் பழைய தொகுதிகளில் கிடைக்காத குரல்கள் இவை என்பதால் இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நிதி எத்தனை நாள் என்ற கேள்வியையும் மறைக்கக் கூடாது.

இந்தக் கதையை ஒழுங்காக எழுத ஆதாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், நாம் எடைக்குப் போட்ட பக்கங்களில் இருக்கிறது. பைண்டு செய்த தொடர்கதைத் தொகுப்பில் கதை இருக்கும். விளம்பரப் பக்கம், போட்டிக் கூப்பன், விலை அச்சிட்ட அட்டை, ஏஜென்டுகளுக்கான அறிவிப்பு எதுவும் இருக்காது. ஒரு பத்திரிகை யார் காசில் ஓடியது என்பதைச் சொல்வது அந்தப் பக்கங்கள்தான். 1859-இல் தொடங்கிய ஊட்டி நீலகிரி நூலகம் போன்ற இடங்களில் ஆங்கில இதழ்களுக்கு ஒரு அலமாரி கிடைத்தது. தமிழ் வார இதழ்களுக்கு அப்படி யாரும் இடம் ஒதுக்கவில்லை. எஸ்டேட் கிளப் பரணிலும், பழைய ஏஜென்டு வீட்டு மரப்பெட்டியிலும், மலையேறிய கட்டுகளில் சில முழுசாக மிச்சம் இருக்கலாம். ஈரமும் கரையானும் அவற்றை வெகுநாள் விட்டுவைக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பிலிருந்து 1994-இல் உருவான சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இப்படிப்பட்ட இதழ்களைப் பாதுகாக்கிறது. வீட்டில் பழைய இதழ் வைத்திருப்பவர்கள் கதைப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு மீதியை வீசாமல், அட்டை முதல் கடைசி விளம்பரம் வரை அப்படியே கொடுத்துவிடுங்கள்.